முறுக்காத நூல்

கொடியின் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியர்கள் இதைக் 'குஸு' என்கிறார்கள். தமிழில் எழுதும்போது அந்த 'ஸு'வைக் கவனமாகப் போட வேண்டியிருக்கிறது. "குஸு நார்ல துணி நெய்யப் போறேம்மா" என்று போனில் சொன்னபோது அம்மாவிடமிருந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிப்பு. ஜப்பானிய மொழியிலும் இந்த ஒலிக்குப் பெரிய மரியாதை கிடையாது. வேறு எழுத்தில் எழுதினால் குப்பை, கழிவு என்று பொருள்.

நான் இருப்பது ஷிஸுஓகா மாகாணத்தில், ஹமமாட்சு நகரத்தில். வேலை பார்ப்பது வாகன உதிரிபாகத் துறையில். சென்னிமலையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் என்றாலும் தறியில் உட்கார்ந்து ஒரு முழம்கூட நெய்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தார் சுற்றிக் கொடுப்பேன், அதாவது நெசவு நூலைச் சின்னக் குச்சியில் சுற்றித் தருவேன், அவ்வளவுதான். அந்தத் தார் சுற்றத் தெரிந்த கைதான் இந்த வேலையில் என்னைக் கவிழ்த்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஹமமாட்சுவிலிருந்து ரயிலில் கிழக்கே அரை மணி நேரம் போனால் ககேகவா. எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோத்தோவையும் இணைத்த பழைய தொகாய்தோ நெடுஞ்சாலையில் 26ஆவது தங்கல் ஊர். குஸு கொடியின் நாரில் நெய்யும் துணிக்குப் பேர்போன இடம். உள்ளூரில் அதைக் 'கப்பு' என்றும் சொல்வார்கள். சாமுராய்கள் போட்டிருந்த, தோள் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விறைத்து நிற்கும் மேலுடை, மடிப்பு வைத்த ஹகமா என்னும் கீழாடை, இவையெல்லாம் இந்தத் துணியில் தைக்கப்பட்டன. 1868க்குப் பிறகு சாமுராய் என்ற வகுப்பே இல்லாமல் போனதும் துணிக்கு வாங்க ஆளில்லை. நெசவாளிகள் சளைக்கவில்லை. அதே துணியைக் காகிதத்தில் ஒட்டி, கதவுக்கும் சுவருக்கும் ஒட்டுகிற துணியாக மாற்றி அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். அதுவும் பல காலம் ஓடியது. கொரியாவில் மலிவாகத் தயாராகத் தொடங்கியதும் நின்றது. இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில பட்டறைகள்தான் மிச்சம்.

அப்படி ஒரு பட்டறையில், சுற்றுலா வருகிறவர்களுக்கு என்று வைத்திருந்த தறியில், உள்ளங்கையளவு ஒரு துண்டு நெய்தேன். சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தால் மின்னுகிறது. பட்டும் கலந்திருக்கிறது என்றே நினைத்தேன். நீளவாட்டில் ஓடும் பாவு சாதாரணப் பருத்தி, குறுக்கே ஓடும் ஊடை முழுக்கக் கொடி நார் என்றார்கள். ரயில் பாதை ஓரத்திலும் கைவிட்ட வீடுகளின் கூரை மேலும் பச்சைப் போர்வையாக மூடிக் கிடக்கிற அதே கொடி. ஒரு நாளில் 30 செ.மீ. கூட வளரும் என்பார்கள், எங்கள் பக்கத்து மலைச்சரிவுகளைப் பார்த்தால் நம்பலாம். 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் ஜப்பான் இதை அழகுக்கொடியாக வைத்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அரசே மண் அரிப்பைத் தடுக்க நட்டது. இப்போது அங்கே அதை ஒழிக்கத் தெரியாமல் முழிக்கிறார்கள். ஜப்பானியரின் மான்யோஷூ என்னும் பழைய கவிதைத் தொகுப்பிலோ யமனோஉவே நோ ஒகுரா என்ற கவிஞர் இலையுதிர் காலத்தின் ஏழு மலர்களில் ஒன்றாக இதைப் பாடி வைத்திருக்கிறார். கிழங்கில் மாவு, மருந்து, இலை மாட்டுக்கு, தண்டு துணிக்கு. இவ்வளவும் தருகிற ஒன்றை வேண்டாம் என்று வெட்டி எறிகிறார்கள், நான் எடுத்துக்கொண்டால் என்ன?

முதல் வருடம் எடுத்ததும் கெடுத்ததும் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். செப்டம்பர் மாதம், குடியிருப்புக்குப் பின்னால் வேலியில் ஏறியிருந்த கொடியை வெட்டினேன். வேகவைத்து, குப்பை போடும் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, பால்கனியில் ஆறு நாள் வைத்தேன். நாலாம் நாள் குடியிருப்பு மேலாளரிடமிருந்து கதவிடுக்கில் மிகப் பணிவான ஒரு கடிதம்: 'ஏதோ உணவுப்பொருள் கெட்டுப்போயிருக்கலாம், பார்க்கவும்.' ஆறாம் நாள் பையைத் திறந்தபோது எனக்கே தலை சுற்றியது. நார் வந்தது, ஆனால் இழுத்த இழுப்பில் ஈரக் காகிதம்போல் கிழிந்தது. மிச்சமிருந்ததும் ஒவ்வொரு கணுவிலும் முறிந்தது.

என்ன தப்பு என்று பிறகு புரிந்தது. ஏறிய கொடி எடுக்கக்கூடாது. எதையாவது சுற்றிக்கொண்டு மேலே போகிற கொடியில் நார் திருகிக் கிடக்கும், மரம் பாய்ந்திருக்கும். தரையில் நேராக ஓடுகிற, அந்த வருடமே முளைத்த, கிளை விடாத கொடிதான் வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம்: தரையைத் தொட்டுக் கிடந்தால் கணுவுக்குக் கணு வேர் இறக்கிவிடும், வேர் விட்ட இடத்தில் நார் அறும். ஆகவே மற்றக் கொடிகளின் மேலே படுத்து ஓடுவதாகப் பார்த்து, ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டுக்குள் அறுக்க வேண்டும். பட்டறையில் இதையெல்லாம் சொல்லித்தான் இருந்தார்கள். அன்று எனக்கு மினுமினுப்பு மட்டும்தான் கண்ணில் பட்டது.

இரண்டாம் வருடம் ஜூலை முதல் வாரம், மழைக்காலம் முடியாத ஒரு சனிக்கிழமை. கூட வேலை செய்கிறவரின் மாமியாருக்கு ககேகவா பக்கம் மலையடிவாரத்தில் தேயிலைத் தோட்டம். வயதான பாட்டி. பாதித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் விட்டுவிட்டதால் குஸு ஏறி, தேயிலை வரிசை எங்கே இருந்தது என்பதே தெரியவில்லை. "கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமா பாட்டி?" என்று கேட்டேன். "கொஞ்சமா? எல்லாவற்றையும் எடுத்துப் போ. வேண்டுமானால் நான் கூலி தருகிறேன்" என்றார்.

52 கொடி அறுத்தேன். ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்குக் குறையாமல், சுண்டுவிரல் தடிமன். இலைக் காம்புகளைக் கத்தியால் சீவக்கூடாது. கையால் கொடியோடு ஒட்ட ஒடித்தால் நாருக்கு அடிபடாது. வேர்ப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு நூல் கட்டினேன். இது யாரும் சொல்லித் தந்ததல்ல. முதல் வருடம் எது தலை எது வால் என்று தெரியாமல் பட்ட பாட்டில் கற்றது.

வெட்டிய அன்றே வேகவைத்துவிட வேண்டும், காய்ந்தால் தோல் பிடித்துக்கொள்ளும். ஐந்தைந்து கொடியாக வளையம் சுற்றி, பாட்டி வீட்டு முற்றத்தில் பெரிய அலுமினியப் பானையில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். பச்சை மாறிப் பழுப்பு ஏறியது. பச்சைப்பயறு வேகிற வாசனை வந்தது. இதுவும் பயறு அவரைக் குடும்பம்தானே.

அடுத்தது புளிக்கவைப்பது. இதில்தான் முதல் வருடம் பிளாஸ்டிக் பையில் மூச்சுமுட்ட வைத்துக் கெடுத்தேன். முறையான வழி புல்லுக்குள் வைப்பது. இந்த மலைப்பக்கத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நாணல் மாதிரியான சுசுகிப் புல்லை வளரவிட்டு, குளிர்காலத்துக்கு முன் அறுத்து, செடியடியில் பரப்புவது பழைய வழக்கம். 2013இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் அதை உலக வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாட்டி வீட்டுக் கொட்டகையில் போன வருடத்துப் புல் கட்டுக்கட்டாக இருந்தது. ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, வெந்த வளையங்களை அடுக்கி, மேலே பச்சைப் புல்லையும் போட்டு மூடி, தார்ப்பாய் விரித்து நாலு கல் வைத்தேன். காய்ந்த புல்லிலும் வைக்கோலிலும் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்தான் வேலையைச் செய்கிறது. ஜப்பானியர்கள் சோயாவை நூல்நூலாக இழுக்கும்படி புளிக்கவைத்துச் சாப்பிடும் நத்தோவுக்கும் அதே நுண்ணுயிர்தான். முன்பெல்லாம் நத்தோவையும் வைக்கோல் பொதிக்குள்தான் கட்டி வைப்பார்கள்.

மறுநாள் மாலை கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றி மாதிரி சூடு. மூன்றாம் நாள் காலை தார்ப்பாயைத் தூக்கியதும் நத்தோ வாடை முகத்தில் அடித்தது. கொடி மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது, தொட்டால் வழவழப்பு. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். கறுத்த மேல்தோல் கழன்று வழுக்கிக்கொண்டு போனது, கீழே வெளிர்மஞ்சள். இதுதான் பதம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நார் போயிருக்கும், ஒரு நாள் முந்தியிருந்தால் தோல் வந்திருக்காது. அலுவலகத்தில் அன்று விடுப்பு. காரணம் என்ன என்று கேட்டார்கள், 'சொந்த வேலை' என்று எழுதினேன்.

தோட்டத்துக்குக் கீழே ஒரு ஓடை. கணுக்கால் அளவுத் தண்ணீர், ஜூலையிலும் சில்லென்று. வளையத்தை நடுவில் பிடித்து, ஓட்டத்தில் அலசிக்கொண்டே தேய்த்தால் தோல் கரைந்துபோகும். தோல் போனதும் உள்ளே இரண்டே பொருள்: நடுவில் குச்சி, அதைச் சுற்றி நார். வேர்முனையில் குச்சியை விரலளவுக்கு முறித்து, நாரை இருபக்கமும் வாழைப்பழத் தோல்போல் பிரித்து, குச்சி நுனியைக் கால் கட்டைவிரல் இடுக்கில் பிடித்துக்கொண்டு நாரை மட்டும் மேலே இழுக்க வேண்டும். சரியாகப் புளித்த கொடியில் சர்ரென்று இரண்டு மீட்டரும் ஒரே இழுப்பில் வந்துவிடும். கணுவில் ஒரு சின்னத் தயக்கம், அப்புறம் மறுபடி ஓட்டம். கையில் இரண்டு ஈர நாடா. காலடியில் பல் குத்தும் குச்சி மாதிரி வெளுத்த வெறும் தண்டு. ஐம்பத்திரண்டில் பதினொன்று பாதியில் அறுந்தது. மதியம் பாட்டி சோற்றுருண்டை கொண்டுவந்து கரையில் உட்கார்ந்து பார்த்தார். சின்ன வயதில் அவர் அம்மா செய்ததைப் பார்த்திருக்கிறாராம். "அவள் பல்லால் கடித்து இழுப்பாள், உனக்கு அது வேண்டாம்" என்றார்.

அலசிய நாரை ஒரு இரவு அரிசித் தவிட்டுத் தண்ணீரில் ஊறவைத்தேன். வீட்டில் அரிசி கழுவிய கழுநீரையும் சேர்த்து ஊற்றினேன். பழுப்பு வெளுக்கிறது, நார் மிருதுவாகிறது. மறுநாள் அலசித் துணி உலர்த்தும் கம்பியில் தொங்கவிட்டால், காற்றில் காயக்காய வெள்ளி மாதிரி பளபளப்பு மேலே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். காய்ந்தபின் எடை போட்டேன்: 110 கிராம். மூன்று நாள் உழைப்பு, ஒரு நாள் விடுப்பு, ஒரு தார்ப்பாய்.

இனிமேல்தான் நிஜமான வேலை. ஒரு விரல் அகல நாடாவை ஒரு மில்லிமீட்டர் அகல இழைகளாகக் கிழிக்க வேண்டும். நகத்தால் வேர்முனையில் கீறி, இரண்டு கையாலும் மெல்ல விரித்துக்கொண்டே போவது. ஒரு பக்கம் சன்னமாகப் போனால் தடித்த பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாக இழுத்துக் கொடுக்க வேண்டும், பிளவு நடுவுக்குத் திரும்பிவிடும். ஒரு நூறு இழைக்குப் பிறகு இது விரலுக்கே தெரிந்துவிடுகிறது, தலைக்குத் தெரிய வேண்டியதில்லை.

வேலைநாட்களில் நேரமில்லை, தள்ளித்தள்ளி டிசம்பர் வந்துவிட்டது. ஜப்பானில் பசிபிக் கடல் பக்கம் குளிர்காலக் காற்று உதடு வெடிக்கிற அளவு வறண்டது. ஜூலையில் வெண்ணெய்போல் கிழிந்த நார் டிசம்பரில் முறுக்கு மாதிரி நொறுங்கியது. இரண்டு மாலை வீணான பிறகு, குளித்து முடித்த குளியலறையில், ஆவி அடங்குவதற்குள், பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கதவை மூடிக்கொண்டு ஒன்றரை மணி நேரம். நார் அறுந்துபோவது நின்றது. அதற்கப்புறம் முழுக் குளிர்காலமும் என் பட்டறை குளியலறைதான். வடக்கே நீகாதா மாகாணத்தில் 'எச்சிகோ ஜோஃபு' என்று ராமி என்னும் செடியின் நாரில் நெய்கிறார்கள், 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய துணி. பனி மூடிய மாதங்களின் ஈரக்காற்று இருப்பதால்தான் அந்தச் சன்ன நூல் அறாமல் அங்கே நிற்கிறது. ஒகினாவாவில் வாழை நாரில் 'பஷோஃபு' நெய்கிறவர்களுக்கும் மழைக்காலம்தான் நல்ல பருவம். நார்த்துணி நெய்கிற ஊர்களில் வெயில் அடித்தால் கவலைப்படுகிறார்கள் என்று படித்தபோது வேடிக்கையாக இருந்தது. குளியலறையில் உட்கார்ந்த பிறகு வேடிக்கையாக இல்லை.

இழைகளை முடிந்து நீளமாக்க வேண்டும். நெசவாளிகள் அறுந்த இழைக்குப் போடும் முடிச்சுதான். எங்கள் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். ஒரு முனையை வளைத்து, மற்றதை அந்த வளைவுக்குள் விட்டு, பின்னால் சுற்றி, தன் மேலேயே மடக்கி இழுத்து, இரண்டு வாலையும் ஒட்ட வெட்டிவிட வேண்டும். பருத்தியில் எளிது. தட்டையான நாரில் வழுக்குகிறது. எச்சில் தொட்டால் நிற்கிறது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் நெய்ய நினைத்தது 30 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு மேசை விரிப்பு. செ.மீ.க்கு ஒன்பது ஊடை என்றால் மொத்தம் 900 ஊடை, சுமார் 285 மீட்டர் நூல். என் இழைகள் சராசரி 1.6 மீட்டர், ஆக ஏறக்குறைய 180 முடிச்சு. ஒரு கிமோனோவுக்கான துணி சுமார் 12 மீட்டர் நீளம், 37 செ.மீ. அகலம். அதற்கு நாலு கிலோமீட்டருக்கு மேல் நூல், இரண்டாயிரத்து ஐந்நூறு முடிச்சு. பட்டறையில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைப் பார்த்து அன்று வாயைப் பிளந்தவன் நான். பருத்தி ஜப்பானில் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பரவியதும் சாதாரண ஜனங்கள் காட்டு நாரை விட்டு ஏன் ஓடிப்போனார்கள் என்பதற்கு என் விரல் நுனிகள் சாட்சி. அந்தப் பருத்தி மோகத்தில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. எடோ காலத்தில் (1603–1868) சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் வந்த கோடுபோட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'சந்தொமே-ஜிமா'. ஜிமா என்றால் கோடு. சந்தொமே என்பது நம் மயிலாப்பூர் சாந்தோம். பின்னாளில் இங்கேயே அதைப் பார்த்து நெய்தபோதும் பெயர் ஒட்டிக்கொண்டது.

சரி, கவிழ்ந்த கதை. பிப்ரவரியில் பழைய பொருள் கடையில் ஒரு மேசைத்தறியும், ஊடையைக் குறுக்கே கொண்டுபோகும் படகு நாடா ஒன்றும் வாங்கினேன். ஊடையை அடித்து நெருக்கும் அச்சும் பாவைத் தூக்கி இறக்கும் விழுதும் ஒரே பலகையில் இருக்கிற சின்னத் தறி. பலகையை மேலே தூக்கினால் பாவு இழைகள் பிரிந்து நாடா போக ஒரு புணை, கீழே அழுத்தினால் மறு புணை. பாவுக்கு வெள்ளைப் பருத்தி ஏற்றினேன், செ.மீ.க்கு நாலு இழை. குஸு இழையைத் தார்க்குச்சியில், சின்ன வயதில் சுற்றிய அதே லாவகத்தில், அடி பருத்து நுனி சிறுத்து அழகாகச் சுற்றி நாடாவுக்குள் வைத்தேன். கைக்கு மறக்கவில்லை என்று பெருமை வேறு.

ஆறு செ.மீ. நெய்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். மினுமினுப்பு இல்லை. சணல் மாதிரி இருந்தது. நார் கெட்டதோ, வெளுத்தது போதவில்லையோ என்று அரை மணி நேரம் யோசித்துவிட்டு, படத்தை அம்மாவுக்கு அனுப்பிப் போன் செய்தேன்.

"ஊடை முறுக்கேறியிருக்குது கண்ணு" என்றார்.

"நான் முறுக்கவே இல்லையேம்மா. தட்டையாத்தான் சுத்துனேன்."

"தார்லதான சுத்துன? தார்க்குச்சி நுனியில இருந்து நூல் உருவும்போது சுத்துக்கு ஒரு முறுக்கு ஏறாதா? பருத்தின்னா தெரியாது, ஏற்கனவே முறுக்குன நூல். உன்னுது என்ன நூலு?"

"முறுக்காத நூல்ம்மா."

"முறுக்காட்டி அது நூலே இல்ல சாமி. நாரு."

நாற்பது வருடம் தறியில் இருந்தவர் சொன்னால் சொன்னதுதான். நாம் அறிந்த நூல் பெரும்பாலும் முறுக்கில் பிறப்பது: பஞ்சோ ஆட்டு ரோமமோ, துண்டு துண்டான இழை முறுக்கினால்தான் பிடித்து நிற்கும். குஸு நார் ஏற்கனவே ஆள் உயரத்துக்கு நீளம், முறுக்கு அதற்குத் தேவையே இல்லை. தட்டையாகக் கிடப்பதால்தான் ஒளி அதன் மேல் கண்ணாடிச் சில்லில் படுவதுபோல் பட்டுத் திரும்புகிறது. முறுக்கினால் ஒளி சிதறி, வெறும் சணல்.

பட்டறையில் எட்டுப் போட்டுச் சுற்றி வைத்திருந்த சின்னக் கண்டுகள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அழகுக்கு என்று நினைத்திருந்தேன். ஒரு சாண் மூங்கில் குச்சியில் இழையை எட்டாம் எண் வடிவில் மாற்றி மாற்றிச் சுற்றுவது. அதை 'சுகுரி' என்கிறார்கள். எட்டின் ஒரு பாதி வலமாகத் திருகினால் மறு பாதி இடமாகத் திருகுகிறது, உருவும்போது ஒன்றை ஒன்று அடித்துவிடும். திருவிழாவில் மைக் செட் போடுகிறவர்கள் ஒயரை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே எட்டுப் போட்டுச் சுற்றுவார்களே, அதே சூட்சுமம். முதல் முனையைக் குச்சியோடு வெளியே விட்டுவைத்து, சுற்றி முடித்ததும் குச்சியை உருவிவிட்டால் கண்டு நிற்கும். அந்த முதல் முனையைப் பிடித்து உள்ளேயிருந்து இழுத்தால் தட்டையாக, திருகாமல் வருகிறது.

ஆறு செ.மீ.யையும் பிரித்தேன். பிரித்த இழையில் பாதி தேறவில்லை. எட்டுச் சுற்றப் பழக ஒரு வாரம் ஆனது. முதல் மூன்று கண்டும் குச்சியை உருவியதும் பல்லிளித்து அவிழ்ந்து, குளியலறைத் தரையில் நூடுல்ஸ் மாதிரி கிடந்தன. கட்டைவிரலால் ஒவ்வொரு குறுக்கையும் அழுத்திக்கொண்டே சுற்ற வேண்டும் என்பது நாலாவதில் பிடிபட்டது.

நெய்யும்போது கண்டை நனைத்துத்தான் நாடாவில் வைக்க வேண்டும். காய்ந்தால் ஓரத்தில் திரும்புகிற இடத்தில் ஒடியும். ஈரமாக இருந்தால் வளைகிறது, அச்சு அடிக்கும்போது நெருங்கிப் படிகிறது. ஊடையைப் புணைக்குள் கொஞ்சம் சாய்வாக, தளர்வாக விட்டு அடிக்க வேண்டும். இறுக்கி இழுத்தால் ஓரம் உள்ளே வாங்கும். எனக்கு வாங்கியது. இழை எங்காவது திருகி ஓடினால் மற்ற இடத்தைவிட மங்கலாக ஒரு கோடு தெரியும். தெரிந்ததும் அந்த ஊடையை உருவி, விரலால் நீவிவிட்டு மறுபடி விட வேண்டும். நிமிடத்துக்கு மூன்று ஊடைக்கு மேல் ஓடவில்லை. நெய்தது மட்டும் பார்த்தால் மூன்று மாலை, ஐந்து ஐந்தரை மணி நேரம். அதற்கு முன்னால் கிழித்ததும் முடிந்ததும் இருபது மாலைக்குக் குறையாது.

தறியிலிருந்து இறக்கிய துணி அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. இதைக் கட்டையால் அடித்துப் பதப்படுத்த வேண்டும். அடித்தால் ஊடை இன்னும் தட்டையாகிப் பாவுக்குள் அமரும், மினுக்கு கூடும். என் கையில் இருந்தது சப்பாத்திக் கட்டை. கீழ்வீட்டுக்காரர்கள் புகார் சொல்லி இன்னொரு பணிவான கடிதம் வர இடம் கொடுக்க வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை பாட்டி வீட்டுக்கு எடுத்துப் போனேன். லேசாக ஈரம் தெளித்து, பருத்தித் துணியில் சுருட்டி, கொட்டகைத் திண்ணையில் வைத்துத் திருப்பித் திருப்பி அடித்தேன். பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு மரச் சுத்தியல் கொண்டுவந்தார். தவிட்டுநிறத்தில் கைப்பிடி தேய்ந்து பளபளப்பாக இருந்தது. வைக்கோல் அடித்துக் கயிறு திரிக்க வைத்திருந்ததாம். சப்பாத்திக் கட்டையைக் கையில் வாங்கி இது எதற்கு என்று கேட்டார். விளக்கினேன். ஒரு நாள் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

விரிப்பு இப்போது 94 செ.மீ. நீளம், ஒரு முனையில் 30 செ.மீ., மறுமுனையில் 28. நடுவில் ஓரிடத்தில் அடுத்தடுத்த மூன்று ஊடையில் முடிச்சு விழுந்து, தடவினால் பரு மாதிரி தட்டுப்படுகிறது. காலை வெயில் சாய்வாக வரும் நேரத்தில் மட்டும் துணி முழுக்க மின்னுகிறது, மதியத்துக்கு மேல் சாதாரண மங்கல் மஞ்சள். படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன்.

"இடது ஓரம் உள்ள வாங்கியிருக்குது" என்பதுதான் முதல் வார்த்தை.

"தெரியும்மா."

"சரி. மினுக்கு நல்லாருக்குது. பாவும் அந்த நாரே போட்டா என்ன?"

பாவுக்கு இது தாங்காது, புணை தூக்கும்போதெல்லாம் உரசி உரசிப் பிரியும், அதனால்தான் இங்கே பருத்தியோ பட்டோ போடுகிறார்கள் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கஞ்சி போட்டுப் பாத்தியா?" என்றார்.

போட்டுப் பார்க்கவில்லை. 60 கிராம் நார் மிச்சம் இருக்கிறது.